கொடுத்தவரின் கடமை எங்கே முடிகிறது?





ரமழான் வந்துவிட்டால் நமது ஊர்களில் ஸகாத்தும் ஸதகாவும் பெருகுகின்றன. பள்ளிவாசல் உண்டியல் நிறைகிறது. தனவந்தர்களின் வாசலில் வரிசை நீள்கிறது. ஆனால் பெருநாள் கழிந்து மூன்று மாதங்கள் சென்றதும், வறுமை குடியிருந்த வீடுகளில் அதே வறுமை மீண்டும் குடியேறிவிடுகிறது. அவ்வாறாயின் நாம் கொடுத்தவை யாரைச் சென்றடைந்தன?

"நான் கொடுத்துவிட்டேன், என் கடமை முடிந்தது" என்று சொல்வோர் நம்மிடையே பலர் இருக்கின்றனர். அதற்கு ஆதாரமாக ஒரு ஹதீஸையும் எடுத்துக் காட்டுவர். முற்காலத்தில் ஒருவர் இரவில் தர்மம் செய்தார். அது ஒரு திருடனின் கையில் சேர்ந்தது. அடுத்து ஒரு விபசாரியிடமும், பின்னர் ஒரு செல்வந்தரிடமும் சேர்ந்தது. ஆயினும் அவரது தர்மம் வீணாகவில்லை என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததாக புகாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் பதிவாகியுள்ளது. தூய எண்ணத்தோடு கொடுத்தவருக்கு இது பெரும் ஆறுதல். ஆனால் அம்மனிதர் என்ன செய்தார் என்பதையும் கவனியுங்கள். தவறான கையில் சேர்ந்துவிட்டது என்று அறிந்த ஒவ்வொரு முறையும், அவர் மீண்டும் தர்மத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். தேடியவருக்குக் கிடைத்த ஆறுதலை, தேடவே மறுப்பவர் சாட்டாகக் கொள்ளலாமா?

ஸகாத் யாருக்குரியது என்பதை அல்லாஹ் நம் விருப்பத்துக்கு விட்டுவிடவில்லை. ஸூரத்துத் தவ்பாவின் 60ஆவது வசனத்தில் எட்டுக் கூட்டத்தாரை அவனே வரையறுத்துள்ளான். ஆகவே ஸகாத் என்பது முகவரி எழுதப்பட்ட கடிதத்தைப் போன்றது. அதை வழியில் எவரிடமாவது கொடுத்துவிட்டுத் திரும்புபவர் கடமையை நிறைவேற்றியவர் ஆகமாட்டார்.

அந்த முகவரியைக் கண்டறிவது எளிதன்று. ஓரிரு கவளங்களுக்காக மக்களிடம் சுற்றித் திரிபவர் உண்மையான மிஸ்கீன் அல்லர். போதிய வசதியற்றிருந்தும், தன் நிலையைப் பிறர் அறியாதவாறு, எவரிடமும் கேளாமல் இருப்பவரே மிஸ்கீன் என்ற கருத்தை நபிகளார் (ஸல்) தெளிவுபடுத்தினார்கள். நமது வரிசையில் வந்து நிற்பவர் யார்? வர வெட்கப்பட்டு வீட்டினுள் இருப்பவர் யார்? கணவரை இழந்த பெண், நோயில் விழுந்த கூலித் தொழிலாளி, மகளின் பாடசாலைச் செலவுக்காகக் காதணியை அடகு வைத்த தாய் ஆகியோர் பலவேளைகளில் வரிசைக்கு வருவதில்லை.

வரிசைக்கு வந்தவர்களுக்காவது நாம் கண்ணியம் அளித்தோமா? 2020ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் திகதி, ரமழானின் இறுதி நாட்களில், கொழும்பு மாளிகாவத்தையில் பண உதவி பெறக் கூடிய சனநெரிசலில் மூன்று பெண்கள் உயிரிழந்தனர். கொடுக்க நினைத்தவரின் நோக்கம் நல்லதாகவே இருந்திருக்கலாம். ஆயினும் கொடுக்கும் முறை பிழைத்தால் எத்தகைய விபரீதம் நேரும் என்பதற்கு அந்நாள் சாட்சியாக நிற்கிறது.

பணம் வந்து, கட்டடம் எழுந்தும்கூட உரியவரைச் சேராமற் போவதுண்டு. 2004ஆம் ஆண்டின் சுனாமிக்குப் பின்னர், சவூதி அரேபியாவின் நிதியில் அக்கரைப்பற்று நுரைச்சோலையில் 500 வீடுகள் கட்டப்பட்டன. யாருக்கு வழங்குவது என்ற வழக்கினாலும் இழுபறியினாலும் அவை ஆண்டுக்கணக்கில் பூட்டப்பட்டு, பற்றை மண்டிக் கிடந்தன. எவருக்கு, எவ்வாறு என்பதை முதலிலேயே தெளிவாகத் தீர்மானிக்காத உதவி, பாதி வழியில் நின்றுவிடுகிறது.

நேயர்களே! ஒரு கணக்கைப் பாருங்கள். 40 இலட்சம் ரூபா சேமிப்புள்ள ஒருவரின் ஸகாத் ஓர் இலட்சம் ரூபா. அதை 500 ரூபா வீதம் பிரித்தால் 200 பேருக்குக் கொடுக்கலாம். ஒருவருடைய வறுமையும் நீங்காது. அதே தொகையால் ஒரு தையற்காரிக்கு இயந்திரம் வாங்கிக் கொடுத்தால், மறு வருடம் அவர் ஸகாத் வாங்கும் பட்டியலில் இல்லாதிருக்கக்கூடும். தொழில் தெரிந்தவருக்கு அத்தொழிலுக்கான கருவிகளை வாங்கப் போதுமான அளவு கொடுக்க வேண்டும் என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே எழுதியுள்ளார்கள்.

நிதியைப் பொறுப்பேற்றுள்ள சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, ஒரு பகுதியைக் காட்டி, "இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது" என்ற கருத்தில் கூறியபோது, நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறிப் பகிரங்கமாகவே அதைக் கண்டித்தார்கள். ஸகாத்திற்காக உழைப்பவருக்கும் அல்குர்ஆன் பங்கு வைத்துள்ளது. ஆகவே நியாயமான செலவு குற்றமாகாது. மறைக்கப்பட்ட செலவே சந்தேகத்தைப் பிறப்பிக்கிறது. வந்தது எவ்வளவு, எத்தனை குடும்பங்களுக்குச் சென்றது, எஞ்சியிருப்பது எவ்வளவு என்பவற்றை ஜும்ஆவின் பின்னர் வாசித்துக் காட்டுங்கள். பெறுபவரின் பெயரை மறையுங்கள், கணக்கை மறைக்காதீர்கள்.

கணக்குக் கேட்பதைச் சிலர் அவமதிப்பாகக் கருதுகின்றனர். அது அமானிதத்தைக் காக்கும் வழியாகும். அதேவேளை, "எல்லோரும் மோசடிக்காரர்" என்று கூறிக் கையை மூடிக்கொள்வதும் தகாது. ஒரு நிறுவனத்தில் நம்பிக்கை இல்லையெனில், நமது அயலிலேயே தேடிச் சென்று கொடுக்கலாம். கொடுக்காதிருப்பதற்கு அது நியாயமாகாது.

இளைஞர்களே! உங்கள் மஹல்லாவில் எத்தனை வீடுகளில் தேவை உள்ளது என்பதை மரியாதையோடும் இரகசியத்தோடும் கேட்டறியுங்கள். பெற்றோர்களே! கொடுக்கும்போது பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். கொடுத்ததைச் சொல்லிக்காட்டாமல் வாழவும் கற்றுக்கொடுங்கள். ஆறு மாதம் கழித்து மீண்டும் அவ்வீட்டுக் கதவைத் தட்டி, "எப்படி இருக்கிறீர்கள்?" என்று விசாரியுங்கள். நமது தர்மம் போய்ச் சேர்ந்ததா என்பதை அந்த வீடே சொல்லும்.

அல்லாஹ் நமது தர்மங்களை ஏற்று, அவற்றை உரியவர்களிடம் சேர்ப்பிக்கும் பொறுப்புணர்வை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.