எலிக்காய்ச்சலும் கணினியும்

கண்டி நகரை விட்டு உடுநுவரை, யட்டிநுவரைப் பக்கம் சென்றால் மலைகளுக்கிடையே நெல்வயல்கள் படிப்படியாக அமைந்திருக்கக் காணலாம். பெரும்போக மழை பெய்ததும் உழவர் வெறுங்காலோடு அச்சேற்றில் இறங்குகின்றனர். அங்கே அவர்களுக்குக் கண்ணுக்குப் புலப்படாத பகை ஒன்று உண்டு. எலியின் சிறுநீர் வழியாக வயல்நீரிற் கலந்து, காலிலுள்ள சிறு கீறலினூடே உடலிற் புகும் லெப்டோஸ்பைரா என்னும் பற்றீரியாவே அது. காய்ச்சலும் தசைநோவுமாகத் தொடங்கும் நோய் சிலருக்குச் சிறுநீரகத்தையும் ஈரலையும் தாக்கி உயிரைக் கவர்ந்துவிடும். 2008ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000க்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாக ஐயுறப்பட்டது. 200க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இதற்குத் தடுப்பூசி இல்லையா என்ற வினா எழும். கிருமியைக் கொன்று அதனையே ஊசிமருந்தாக்குவது பழைய முறை. சீனா, கியூபா முதலிய நாடுகள் அவ்வாறு செய்ததுண்டு. ஆனால் இக்கிருமியில் 200க்கு மேற்பட்ட வகைகள் உள. ஒரு வகைக்கெனச் செய்த மருந்து மற்றொன்றைப் பெரும்பாலும் தடுப்பதில்லை. ஆகவே, பல வகைகளுக்கும் பொதுவான புரதம் ஒன்றைத் தேடவேண்டியுள்ளது.

இத்தகைய தேடலுக்குக் கணினியைத் துணைக்கொள்ளும் வழியைக் காட்டியவர் இத்தாலிய விஞ்ஞானி ரீனோ ரப்புவோலி ஆவார். மூளையுறை அழற்சியை உண்டாக்கும் மெனிங்கோகொக்கஸ் 'பி' என்னும் பற்றீரியாவின் மேலுறைச் சர்க்கரை, மனித உடலிலுள்ள சர்க்கரை ஒன்றை ஒத்திருந்தது. அதனால் பழைய முறை பயன்படவில்லை. ரப்புவோலி குழுவினர் அக்கிருமியின் மரபணுத்தொகுதி முழுவதையும் கணினியில் இட்டு ஆராய்ந்தனர். குருதியிலுள்ள பிறபொருளெதிரிகள் எளிதிற் பற்றக்கூடியவை கிருமியின் மேற்புறத்துப் புரதங்களே அன்றோ? அத்தகையன எனக் கருதத்தக்க ஏறக்குறைய 600 புரதங்களைக் கணினி சுட்டியது. அவற்றுள் 350 புரதங்களை ஆய்வுகூடத்தில் ஆக்கி, எலிகளிற் சோதித்தனர். ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. தடுப்பூசிக்கு ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது 2013ஆம் ஆண்டிலேயே.

லெப்டோஸ்பைராவின் மரபணுத்தொகுதியைச் சீன விஞ்ஞானிகள் 2003இல் வெளியிட்டனர். அதன்பின் இதே வழியில் அக்கிருமிக்கும் தேடல் நடைபெறுகிறது. ஆயினும் கணினி தருவது ஊகமே. அது மெய்யா என்பதை உயிருடலிற் செய்யும் சோதனையே தீர்மானிக்கும். அதற்கு ஆண்டுகள் பல செல்லும்.

இலங்கை உழவருக்கு அத்தகைய தடுப்பூசி இன்னும் கைக்கெட்டவில்லை. அதுவரை, வயலில் இறங்குமுன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் ஆலோசனைப்படி டொக்சிசைக்கிளின் மாத்திரை பெறுதலும், காற்புண்களை மூடிக்கொள்ளுதலும், காய்ச்சல் கண்டால் வயலில் வேலை செய்ததை வைத்தியரிடம் தவறாது கூறுதலும் உயிர்காக்கும் வழிகளாகும்.