இலகு வண்டியும் அகன்ற சுமையும்



சட்டங்களை மொழிபெயர்ப்போர்க்கு ஓயாத தொல்லை தரும் சொற்களுள் ஒன்று 'இலகுரக மோட்டார் வாகனம்' என்பது. கேட்டவுடன் சிறிய வண்டி ஒன்று மனத்தில் தோன்றும். சட்டமோ உருவத்தைப் பேசவில்லை, எடையைப் பேசுகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, சரக்கு வண்டிக்குச் சுமையோடு கூடிய மொத்த எடையும், காருக்கும் டிராக்டருக்கும் வெறும் வண்டியின் எடையும் 7500 கிலோகிராமுக்கு மேற்படாதிருந்தால் அது இலகு வண்டி. அவ்வகைச் சரக்கு வண்டியை ஓட்ட இலகு வண்டி உரிமமே போதும், தனி மேற்குறிப்பு வேண்டுவதில்லை என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது.

எதிரே வருபவனுக்கோ எடையைவிட அகலமே பெரிது. பொதுவாக எந்த வண்டியும் 2.6 மீட்டருக்கு மேல் அகலம் கொள்ளலாகாது என்பது மத்திய விதி. வண்டி இலகுவானது என்பதால் அதன் சுமை அகன்று நிற்க உரிமை பெற்றுவிடாது.

வடபுலத்தில் வாழும் நம்மவர் இதனைக் கண்கூடாகக் காணலாம். குளிர்காலம் முழுவதும் மீரட், முசாபர்நகர் வட்டாரச் சாலைகளில் சர்க்கரை ஆலைகளை நோக்கிக் கரும்பு டிராலிகள் ஊர்ந்த வண்ணமிருக்கும். இழுக்கும் டிராக்டர் சட்டத்தின் கண்ணில் இலகு வண்டியே. மேலே அடுக்கிய கரும்போ இருபுறமும் பிதுங்கி நிற்கும். பஞ்சாபிலும் அரியானாவிலும் வைக்கோல் தூளைப் படுதாவில் பொதிந்து செல்லும் டிராலி, ஊதிய பலூன்போலச் சாலையின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். டிராலியின் பின்புறம் சிவப்பு ஒளிதிருப்பிகள் இருத்தல் வேண்டும் என்பது விதி. தொங்கும் தோகை அவற்றை மறைத்துவிட்டால் விதி இருந்தென்ன, இல்லாமற் போயென்ன? டிசம்பர், ஜனவரி மாதங்களில் மூடுபனியும் சேர்ந்துகொள்ளும். தில்லியிலிருந்து அரித்துவாரத்துக்கு இரவிலே குடும்பத்தோடு கார் ஓட்டிச் செல்பவர், முன்னே மங்கலாகத் தெரியும் விளக்கைக் கொண்டு வண்டியின் அகலத்தை மதிப்பிடுவது உயிருக்கே ஆபத்து. விளக்குக்கு வெளியே இருபுறமும் இருளில் சுமை நிற்கக்கூடும். பனிக்காலத்தில் வெயில் ஏறிய பின் புறப்படுவதே மேல் என்பது என் கருத்து.

பிறர் சுமை இருக்கட்டும். நம் சுமைக்கு வருவோம். மாற்றல் உத்தரவு வந்ததும் வீட்டுச் சாமான்களை ஏற்ற நாம் அழைப்பது, வடக்கே 'சோட்டா ஹாத்தி' என்றும் நம்மூரில் 'குட்டி யானை' என்றும் பெயர் பெற்ற சிறு சரக்கு வண்டியை. பீரோ உள்ளே போகும். கட்டிற் சட்டம் வெளியே நீளும். அதன் நுனியில் ஒரு சிவப்புத் துணி ஆடும். துணி கட்டினால் குற்றம் தீர்ந்தது என்று பலர் எண்ணுகின்றனர். ஒரு காலத்தில் சுமை பின்புறம் 1 மீட்டர் வரை நீள விதியில் இடமிருந்தது. 2014-இல் அது நீக்கப்பட்டது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அளவுக்கு மீறிச் சுமை நீண்டால் அபராதம் ரூ. 20,000. சுமையை இறக்கும் கூலி வேறு. ஓட்டியவருக்கு மட்டுமன்று, அவ்வாறு ஓட்டச் செய்தவருக்கும் இது பொருந்தும். தக்க அதிகாரியிடம் முன் அனுமதி பெற்றுச் செல்லும் பெருஞ்சுமைகள் உண்டு. அச்சலுகை நம் கட்டிலுக்குக் கிட்டுவதன்று. கட்டிலைக் கழற்றிப் பலகைகளாக அடுக்க ஒரு மணி நேரம் கூடுதலாகும், அவ்வளவே.

இனி, பழுதுற்ற வண்டியைக் கட்டி இழுத்தல். 1989-ஆம் ஆண்டுச் சாலை விதிகள் இதைத் தெளிவாக வரையறுத்தன. இழுக்கப்படும் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் உரிமம் பெற்ற ஒருவர் அமர்ந்திருக்க வேண்டும்; இல்லையேல் அதன் திருப்புச் சக்கரங்களைக் கிரேன் போன்ற சாதனத்தால் தரையினின்று தூக்கி நிறுத்த வேண்டும். இரு வண்டிகளுக்கும் இடைவெளி 5 மீட்டருக்கு மேற்படலாகாது. கயிறோ சங்கிலியோ பிறர் கண்ணுக்கு எளிதில் தெரிய வேண்டும். வேகம் மணிக்கு 24 கிலோமீட்டர். இஃதென்ன விசித்திரமான எண் என்று நீங்கள் வியக்கலாம்; பழைய 15 மைல் கணக்கைக் கிலோமீட்டராக மாற்றியதன் விளைவு போலும். 2017-இல் புதிய ஒழுங்குமுறைகள் வந்து அவ்விதிகளின் இடத்தைப் பெற்றன.

விதியில் காணாத ஒன்றையும் சொல்ல வேண்டும். இயந்திரம் ஓடாதபோது இக்காலக் காரின் பிரேக்குக்கும் திருப்பு சக்கரத்துக்கும் கிடைக்கும் துணைவிசை நின்றுவிடும். மிதியை முழு வலிமையோடு அழுத்த வேண்டியிருக்கும். சாவியை எடுத்துவிட்டாலோ திருப்பு சக்கரமே பூட்டிக்கொள்ளும். தானியங்கி கியர் உள்ள காரை, இயந்திரத்தோடு இணைந்த சக்கரங்கள் தரையில் உருளும்படி இழுத்தால் கியர்ப்பெட்டி கெட்டுவிடக்கூடும். ஆகவே வழிப்போக்கர் ஒருவர் கயிற்றோடு உதவிக்கு வந்தாலும் சற்றுத் தயங்குவதில் தவறில்லை. தேசிய நெடுஞ்சாலையானால் 1033 என்ற எண்ணில் உதவி கோரலாம். கிரேன் வண்டி வரும்வரை அபாய விளக்குகளை எரியவிட்டு, பின்னால் போதிய தொலைவில் முக்கோண எச்சரிக்கைப் பலகையை வைத்து, குழந்தைகளையும் பெரியோரையும் வண்டியினின்று இறக்கிச் சாலையோரத் தடுப்புக்கு அப்பால் நிறுத்திக்கொள்ளுங்கள்.