தவறைச் சொன்னவருக்கு என்ன நடக்கும்?



நாம் கூடியிருக்கும் இந்த மல்லேஸ்வரமே ஒரு கொள்ளைநோயை அடுத்து எழுந்தது. 1898-ல் பெங்களூரைப் பிளேக் உலுக்கியது. பழைய ஊரின் நெரிசலை விட்டு மக்கள் காற்றோட்டமாக வாழட்டும் என்றுதான் மல்லேஸ்வரத்தையும் பசவனகுடியையும் அமைத்தார்கள். அந்தப் பிளேக் காலத்தில் அதிகாரிகளுக்குப் பெரிய தலைவலி எது தெரியுமா? வீட்டில் நோய் கண்டால் ஜனங்கள் வாய் திறக்கவில்லை. திறந்தால் நோயாளியை முகாமுக்குத் தூக்கிப் போய்விடுவார்களே என்ற பயம். ஒளித்து வைத்த நோயாளி எந்தக் கணக்கில் வருவான்?

இன்றைய ஆஸ்பத்திரிகளிலும் அந்தப் பயம் இருக்கிறது. இப்போது ஒளிந்துகொள்வது நோய் அல்ல, தவறு.

ஒரு ராத்திரி டியூட்டியை நினைத்துப் பாருங்கள். கேஸ் ஷீட்டில் இன்சுலின் 4 யூனிட் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். யூனிட்டுக்காகப் போட்ட ‘யூ’ என்ற எழுத்து, அவசரக் கிறுக்கலில் சுழி மாதிரி இருக்கிறது. 4 இப்போது 40. உலகம் முழுக்க நடந்திருக்கிற தவறு இது. வேலைக்குச் சேர்ந்து சில மாதமே ஆன ஒரு நர்ஸுக்குச் சந்தேகம் வருகிறது. பெரிய டாக்டரை எழுப்பிக் கேட்கலாமா? கேட்டால் திட்டு விழுமா? ஊசி மருந்தை ஏற்றுவதற்குள் அவள் மனம் எந்தப் பக்கம் சாய்கிறதோ, அதுதான் அந்த ஆஸ்பத்திரியின் பண்பாடு. வரவேற்பறைப் பளிங்குத் தரையில் அது தெரியாது.

இதை அளக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியும். அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு நிறுவனம் 2004-ல் ஒரு கேள்வித்தாளை வெளியிட்டது. ஊழியர்கள் பெயர் எழுதாமல் பதில் சொல்லலாம். தவறு நடந்தால் அதை உங்கள் மேல் பழியாகச் சுமத்துகிறார்களா, மேலே இருப்பவரைக் கேள்வி கேட்க முடிகிறதா என்று அது விசாரிக்கிறது. அதற்கும் முன்னால், 1990-களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருந்துத் தவறுகளை வார்டு வார்டாக ஆராய்ந்தார். நல்ல தலைமை உள்ள வார்டுகளில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன! அங்கே தவறு அதிகம் என்று அதற்கு அர்த்தமில்லை. பயமில்லாமல் சொன்னார்கள், அவ்வளவுதான். ஆகவே, ‘எங்களிடம் தவறே கிடையாது’ என்று ஒரு நிர்வாகம் மார்தட்டினால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

பழி சுமத்தாமல் தவறைப் பேச நம் நாட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் ஏன் இறந்தாள் என்று தோண்டித் துருவும் முறையில் தமிழ்நாடு முன்னோடி. 2010-ல் மத்திய அரசு வகுத்த வழிகாட்டுதலின்படி, கலெக்டர் நடத்தும் ஆய்வுக்கு இறந்தவளின் உறவினரையும் அழைக்க வேண்டும். தண்டிப்பதற்கல்ல, அடுத்த தாயைக் காப்பாற்றுவதற்கு. ஆம்புலன்ஸ் வரத் தாமதமா, ரத்தம் கிடைக்கவில்லையா என்பதைக் கூட இருந்தவர்கள் வாயாலேயே கேட்கலாம்.

இந்த அவையில் மருத்துவமனை நிர்வாகிகள் இருக்கிறீர்கள். உங்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன். முன்பு சொன்ன அந்த அமெரிக்கக் கேள்வித்தாளைக் கன்னடத்திலும் தமிழிலும் கொடுங்கள். டாக்டர், நர்ஸோடு நிறுத்தாதீர்கள்; ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவரிடமும், வார்டு பெருக்கும் அம்மாவிடமும் கேளுங்கள். எழுதத் தெரியாதவர் சொல்வதை வெளியாள் ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். வந்த பதிலை அலமாரியில் பூட்டாமல், அதே வார்டில் எல்லோரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். எவர் எழுதினார் என்று மட்டும் தேடாதீர்கள்.