ஆக்ஸ்போர்டுப் பல்கலைக் கழகம்



உலகிலுள்ள தொன்மையான பல்கலைக் கழகங்களுள் ஒன்றைப் பற்றி இன்று உங்களுடன் உரையாட விழைகின்றேன். இலண்டன் மாநகருக்கு வடமேற்கே தேம்சு ஆற்றங்கரையில் அமைந்துள்ள நகரம் ஆக்ஸ்போர்டு. எருதுகள் ஆற்றைக் கடக்கும் துறை என்பது அப்பெயரின் பொருள். எருதுகள் கடந்த அத்துறை, பிற்காலத்தே அறிஞர்கள் கூடும் துறையாயிற்று.

அப்பல்கலைக் கழகம் எந்த ஆண்டில் தொடங்கப்பெற்றது என்று கேட்டால் அதற்கு நேரான விடை இல்லை. ஓர் அரசர் ஆணையிட்டு, ஒரு நன்னாளில் திறந்துவைத்த நிலையம் அன்று அது. கி.பி. 1096ஆம் ஆண்டிலேயே அங்கு ஆசிரியர்கள் பாடம் சொல்லி வந்தனர் என்பர். நம் நாட்டில் முதற் குலோத்துங்க சோழன் ஆட்சி புரிந்த காலம் அது. 1167ஆம் ஆண்டளவில், ஆங்கில மாணவர்கள் பாரிசு நகரப் பல்கலைக் கழகத்திற்குச் செல்லலாகாது என இரண்டாம் ஹென்றி மன்னர் தடுத்தமையால், ஆக்ஸ்போர்டு விரைந்து வளர்ந்தது. 1209இல் நகர மக்களோடு ஏற்பட்ட பூசலால் அங்கிருந்து வெளியேறிய சிலர் கேம்பிரிட்ஜில் குடியேற, அங்கும் ஒரு பல்கலைக் கழகம் தோன்றிற்று.

கல்விக்கு நிலமும் பொருளும் வழங்கிக் காத்தல் மேலைநாட்டிற்கே உரிய வழக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் எண்ணாயிரம் என்னும் ஊரில் 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் கொண்ட கல்லூரி ஒன்று மானியம் பெற்று இயங்கியதைக் கல்வெட்டுக் கூறுகின்றது.

ஆக்ஸ்போர்டுக்குச் செல்லும் புதியவர் ஒருவர், கல்லூரிகளையும் நூலகங்களையும் ஆய்வுக்கூடங்களையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் கண்டேன்; பல்கலைக் கழகம் எங்கே?" என்று கேட்பதாக, அங்குப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ரைல் 1949இல் வெளியிட்ட நூலில் ஓர் எடுத்துக்காட்டுத் தருகின்றார். கண்ட அனைத்தும் சேர்ந்து இயங்கும் முறையே பல்கலைக் கழகம் என்பதை அப்புதியவர் உணரவில்லை. அங்கே முப்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் உள்ளன. 'யுனிவர்சிட்டி', 'பேலியல்', 'மெர்ட்டன்' ஆகிய மூன்றும் பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கல்லூரி என்பது அங்கு மாணவர் தங்கி, உண்டு, பயிலும் இல்லம். தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவது பல்கலைக் கழகம்.

நம் சென்னைப் பல்கலைக் கழகம் 1857ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் தோன்றியபோது இலண்டன் பல்கலைக் கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டது. தொடக்க காலத்தில் அது பாடம் சொல்லவில்லை. கல்லூரிகளில் பயின்றோர்க்குத் தேர்வு வைத்துப் பட்டம் அளித்தது. பல்கலைக் கழகம் என்றாலே தேர்வும் சான்றிதழும் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். ஆக்ஸ்போர்டின் உயிர்நாடியோ வேறோரிடத்தில் இருக்கின்றது.

அதனைத் தனிப்பயிற்சி முறை என்று சொல்லலாம். இருவர் அல்லது மூவர் மட்டுமே ஓர் ஆசிரியர் முன் அமர்வர். முந்திய வாரம் ஒரு வினாவும், படிக்க வேண்டிய நூல்களின் பட்டியலும் அவர்களுக்குத் தரப்பட்டிருக்கும். அவற்றைப் படித்து, மாணவர் தாமே ஒரு கட்டுரை எழுதிக் கொணர வேண்டும். ஆசிரியர் அதனைக் கேட்டுவிட்டு, "இதற்குச் சான்று யாது? இதற்கு மாறாக அந்நூலாசிரியர் கூறியிருப்பதை ஏன் விட்டுவிட்டீர்?" என்று வினவுவார். மாணவர் தம் கருத்தை நிலைநாட்டவேண்டும். இயலாவிடில் மாற்றிக்கொள்ள வேண்டும். மனப்பாடம் செய்ததை ஒப்புவித்துத் தப்ப அங்கு இடமில்லை. ஆண்டிற்கு மூன்று பருவங்கள்; பருவம் ஒன்றிற்கு எட்டு வாரங்களே. கால அளவு குறைவாயினும் உழைப்பு மிகுதி என்பது சொல்லாமலே விளங்கும்.

அவ்வுழைப்பிற்குத் துணை நிற்பது நூலகம். தாமசு பாட்லி என்பவர் தம் செல்வத்தைக் கொண்டு சீரமைத்த பாட்லியன் நூலகம் 1602இல் திறக்கப்பெற்றது. அங்குள்ள நூல்களை அங்கேயே அமர்ந்து படிக்கவேண்டும். வெளியே எடுத்துச் செல்லலாகாது என்பது பழைய விதி. 1645இல் முதலாம் சார்லசு மன்னரே ஒரு நூலைக் கேட்டனுப்பியபோதும், விதியைக் காட்டி மறுத்துவிட்டனர். அரசனுக்கும் மாணவனுக்கும் நூலகத்தில் ஒரே விதி என்பது எத்துணை உயர்ந்த நெறி!

ஆயினும், அப்பல்கலைக் கழகத்தின் வரலாறு முழுவதும் உயர்ந்த நெறியே என்று கூறுதல் உண்மையாகாது. திருவள்ளூர் மாவட்டத்தில் நான் ஆசிரியப் பணி புரிந்த ஆண்டுகளில், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் உழைப்போரின் பிள்ளைகள் பலர் என்னிடம் பயின்றனர். குடும்பத்திலேயே முதன்முதலாகப் பள்ளி இறுதி வகுப்பை எட்டியவர்கள் அவர்களுள் பலர். இத்தகைய பெரிய கல்வி நிலையங்களைப் பற்றிச் சொன்னால், "ஐயா, இவையெல்லாம் நம்மைப் போன்றவர்களுக்கு உரியனவா?" என்று கேட்பர். அவ்வினாவிற்கு ஆக்ஸ்போர்டின் வரலாற்றைக் கொண்டே விடை கூற வேண்டும்.

1581 முதல், ஆங்கிலத் திருச்சபையின் கோட்பாடுகளை ஏற்றுக் கையொப்பம் இட்டவர்க்கே அங்கு இடம் கிடைத்தது. அத்தடை 1854இல் ஓரளவு தளர்ந்து, 1871ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெரும்பாலும் நீங்கிற்று. பெண்களின் நிலை இன்னும் வருந்தத்தக்கது. நம் நாட்டுப் பெண்மணி கொர்னீலியா சொராப்ஜி 1889இல் அங்குச் சென்று சட்டம் பயின்று, 1892இல் தேர்வும் எழுதினார். ஆயினும் பட்டம் வழங்கவில்லை. 1920இல்தான் பெண்களுக்குப் பட்டம் அளிக்க அப்பல்கலைக் கழகம் இசைந்தது. அவர் பட்டம் பெற்றது 1922இல். தேர்வெழுதி முப்பது ஆண்டு கழிந்தபின் என்பதை எண்ணிப் பாருங்கள்! கல்கத்தாப் பல்கலைக் கழகமோ 1883ஆம் ஆண்டிலேயே காதம்பினி கங்கூலி, சந்திரமுகி போஸ் என்னும் இருவர்க்குப் பட்டம் அளித்துவிட்டது. எண்ணூறு ஆண்டுப் பழமையுடைய நிலையம், இருபத்தாறு ஆண்டே நிரம்பிய நம் நாட்டு நிலையத்திற்குப் பின்னே நடந்தது. பழமையால் மட்டும் பெருமை வருவதில்லை. கதவைத் திறக்குந்தோறும் வருகின்றது.

அங்ஙனம் திறந்த கதவின் வழியே தமிழும் உள்ளே சென்றது. தமிழகத்தில் நெடுநாள் பணியாற்றிய ஜி. யூ. போப் அவர்கள், 1884 முதல் ஆக்ஸ்போர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்தார். திருக்குறள் மொழிபெயர்ப்பை 1886இலும், நாலடியாரை 1893இலும், திருவாசகத்தை 1900இலும் வெளியிட்டார். பின்னிரு நூல்களையும் அப்பல்கலைக் கழகத்தின் அச்சகமே பதிப்பித்தது. திருவாசகம் வெளிவந்தபோது அவர்க்கு வயது எண்பது.

இனி, நம் மாவட்டத்திற்கே உரிய பெருமையைக் கூறுகின்றேன். இன்று திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள திருத்தணியில், 1888ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் எளிய குடும்பம் ஒன்றில் பிறந்தவர் டாக்டர் இராதாகிருஷ்ணன். திருப்பதியிலும் வேலூரிலும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் பயின்றவர் அவர். மாணவராக அவர் ஆக்ஸ்போர்டுக்குச் செல்லவில்லை, கற்பிக்கவே சென்றார். 1926இல் அங்கு இந்து சமய வாழ்க்கை நோக்கைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். 1936 முதல் 1952 வரை கீழைநாட்டுச் சமயங்கள், அறநெறி ஆகியவற்றின் பேராசிரியராக வீற்றிருந்தார். நம் ஊர்ப் பக்கத்துப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பெற்ற கல்வி, ஆக்ஸ்போர்டுக்கே ஆசிரியரை அளிக்கப் போதுமானதாயிற்று.

"எங்களுக்கு உரியனவா?" என்ற வினாவிற்கு இதுவே என் விடை. இன்று ரோட்ஸ் உதவித்தொகை முதலியவற்றைப் பெற்று இந்திய மாணவர் சிலர் ஆண்டுதோறும் அங்குச் செல்கின்றனர். உங்களுள் ஒருவரும் செல்லலாம். செல்ல இயலாதவர்க்கும் அதன் சிறந்த பகுதி கிட்டாததன்று. அம்முறைக்கு வேண்டுவன யாவை? ஒரு வினா, நூலகத்தில் இரண்டு மூன்று நூல்கள், நீங்களே எழுதிய நான்கு பக்கம், அதனைக் கேட்டு "ஏன்?" என்று தடுத்து வினவும் ஒரு நண்பர் அல்லது ஆசிரியர். இவற்றிற்குப் பொருட்செலவு மிகுதியில்லை.

வாரத்தில் ஒரு மாலை, மூவர் கூடி இதனைச் செய்து பாருங்கள். எட்டு வாரம் கழித்து, முதற் கட்டுரையையும் எட்டாம் கட்டுரையையும் அருகருகே வைத்துப் படியுங்கள். உங்கள் வளர்ச்சியை நீங்களே காண்பீர்கள்.