கடித்த ஆப்பிளின் ரகசியம் என்ன?



ஒரகடம், வல்லம், சுங்குவார்சத்திரம் பக்கமிருந்து ஷிப்டு முடித்து வந்திருக்கிறீர்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து விவசாயத் தொழிலாளத் தோழர்களும் வந்திருக்கிறீர்கள். பலர் கண்ணில் தூக்கம் நிற்கிறது. ஆகவே நேராக விஷயத்துக்கு வருவோம்.

சுங்குவார்சத்திரத்தில் பாக்ஸ்கான் தொழிற்சாலையில் ஐபோன் பொருத்தப்படுகிறது. அந்தப் போனுக்கு உருவம் கொடுத்தவர் என்று உலகம் கொண்டாடுவது ஜோனாதன் ஐவ் என்ற ஆங்கிலேயரை. 1992-ல் அமெரிக்காவின் ஆப்பிள் கம்பெனியில் சேர்ந்தார். 2019-ல் விலகினார். ஒரு பொருளின் உருவத்தைத் தீர்மானிக்கிற இத்தகையவரை டிசைனர் என்கிறார்கள். அவர் கை பட்ட பொருள்களிலும், அந்தக் கம்பெனியின் சின்னத்திலும் ரகசியச் செய்தி ஒளிந்திருக்கிறது என்று தேடுகிற ஒரு கூட்டம் உலகெங்கும் உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகளின் வாட்ஸ்அப்பிலும் அது வருகிறது.

என்ன சொல்கிறார்கள்? போனின் முதுகில் கடித்த ஆப்பிள் இருக்கிறதல்லவா, அது ஆலன் டூரிங் என்ற ஆங்கில விஞ்ஞானிக்கு ரகசிய அஞ்சலியாம். 1954-ல் அவர் சயனைடு விஷத்தால் இறந்தார். படுக்கை அருகே பாதி கடித்த ஆப்பிள் கிடந்தது. அந்தப் பழத்தில் விஷம் இருந்ததா என்று யாரும் சோதித்துக்கூடப் பார்க்கவில்லை. 1977-ல் இந்தச் சின்னத்தை வரைந்த ராப் ஜேனாஃப் என்ன சொல்கிறார்? சிறிதாக அச்சிட்டால் செர்ரிப் பழம் என்று நினைத்துவிடக் கூடாதே என்றுதான் கடி வைத்தாராம். இவ்வளவுதான் விஷயம்!

அந்தக் கம்பெனியின் முதல் கம்ப்யூட்டர் 1976-ல் 666 டாலர் 66 சென்டுக்கு விற்றது. பைபிளின் கடைசிப் புத்தகத்தில் 666 மிருகத்தின் எண் ஆயிற்றே, இது சாத்தானின் கணக்கு என்று கிளம்பினார்கள். அதைச் செய்த வோஸ்னியாக், ஒரே இலக்கம் திரும்பத் திரும்ப வருவது தமக்குப் பிடிக்கும் என்றார். விளம்பரப் போனில் எப்போதும் மணி 9:41 ஏன்? 2007 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் போனைக் காட்டியபோது, படத்திலுள்ள மணியும் மண்டபத்து மணியும் ஒத்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். முதல் போனில் 9:42, பிறகு 9:41. மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை.

அப்படியானால் மறைசெய்தி என்பதே பொய்யா? இல்லை. நம் ஊரிலேயே ஒன்று இருந்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை வேலை தொடங்கியது. அந்தப் போனில் குறுஞ்செய்தி வந்தால் ஒரு சத்தம் வரும்: மூன்று குட்டை, இரண்டு நெட்டை, மூன்று குட்டை. தந்தி ஆபீஸ் பாஷையில் அது எஸ்.எம்.எஸ். என்ற மூன்று எழுத்து. இன்னொரு சத்தத்தைத் தந்திக் கணக்கில் பிரித்தால் 'மக்களை இணைக்கிறோம்' என்ற கம்பெனியின் கோஷமே வந்தது. உண்மையாகவே ஒளித்து வைத்ததுதான். ஆனால் அதைக் கண்டுபிடித்து நமக்குக் கிடைத்தது என்ன? 2014 ஏப்ரலில் நோக்கியா தன் போன் தொழிலை மைக்ரோசாப்டுக்கு விற்றது. வரித் தகராறில் இந்தத் தொழிற்சாலை மட்டும் விற்பனையில் சேராமல் நின்றது. அவ்வாண்டு நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கான இளைஞர்களும் பெண்களும் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியே போனார்கள். அதைச் சொல்ல எந்த மணியும் ரகசியமாக ஒலிக்கவில்லை.

ரகசியம் தேடுகிறவர்களை முட்டாள்கள் என்று நாம் கேலி செய்யவில்லை. மார்க்ஸ் 1867-ல் வெளியிட்ட 'மூலதனம்' நூலின் முதல் அத்தியாயத்திலேயே இந்த விஷயம் வருகிறது. சந்தைக்கு வரும் ஒவ்வொரு சரக்கும் பழங்கால எகிப்தின் சித்திர எழுத்தைப் போல் ஆகிவிடுகிறது, மனிதர்கள் அதன் பொருளை அறிய முயல்கிறார்கள் என்கிறார். பொருளில் ஏதோ மறைந்திருக்கிறது என்ற சந்தேகம் சரியானதே. தேடுகிற இடம்தான் தவறு. மறைந்திருப்பது உழைப்பு.

ஐவின் டிசைனை இந்தக் கண்ணோடு பாருங்கள். மூட்டு தெரியக் கூடாது, விளிம்பு தட்டுப்படக் கூடாது, கை பட்ட சுவடே இருக்கக் கூடாது. ஜெர்மனியில் பிரவுன் கம்பெனிக்காக ரேடியோவும் கால்குலேட்டரும் டிசைன் செய்த டீட்டர் ராம்ஸ் தமக்கு வழிகாட்டி என்று ஐவே சொல்லியிருக்கிறார். அழகான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் போனின் அடியில், சார்ஜ் துளைக்கு இருபுறமும் இரண்டு சின்னத் திருகுகள் இருக்கும். தலை ஐந்து இதழ்ப் பூ மாதிரி. சாதாரணத் திருப்புளி அதில் உட்காராது. வாங்கியவனே திறக்க முடியாத பூட்டு அது. அந்தத் திருகை ஷிப்டு முழுவதும் முடுக்கிய விரல் யாருடையது என்று மட்டும் எந்த டிசைன் புத்தகத்திலும் இல்லை.

சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதிகள், இருவரும் பேர்போன டிசைனர்கள், இந்திய சர்க்காரின் அழைப்பில் இங்கு சுற்றி 1958-ல் ஓர் அறிக்கை தந்தார்கள். அகமதாபாத்தில் தேசிய டிசைன் நிலையம் பிறந்தது அதிலிருந்துதான். இங்கு கண்டவற்றில் அவர்களைப் பெரிதும் கவர்ந்த பொருள் எது தெரியுமா? நம் வீட்டுச் சொம்பு! இடுப்பில் வைக்க வளைவு, ஊற்ற வாய், தேய்த்துக் கழுவ வாகு, தலையில் சுமக்கச் சமநிலை. இதை ஒரு தனி மனிதன் டிசைன் செய்யவில்லை, பல தலைமுறைகளில் பல பேர் செய்தது என்று எழுதினார்கள். அந்தப் பல பேரில் கன்னாரும் உண்டு, தண்ணீர் சுமந்த பெண்களும் உண்டு.

இப்போது ஐபோன் பெட்டியைப் பாருங்கள். பொடி எழுத்தில் இரண்டு செய்தி: கலிபோர்னியாவில் ஆப்பிள் டிசைன் செய்தது, இந்தியாவில் பொருத்தப்பட்டது. உருவம் கொடுத்தவனுக்குப் பெயர் இருக்கிறது. பொருத்தியவளுக்கு நாட்டின் பெயர் மட்டும். இது ரகசியமே அல்ல. பட்டப்பகலில் அச்சிட்டிருக்கிறார்கள்.

2021 டிசம்பரில் நடந்தது நினைவிருக்கும். விடுதிச் சாப்பாடு விஷமாகி பாக்ஸ்கானில் வேலை செய்த 250-க்கும் மேற்பட்ட பெண்கள் சிகிச்சை பெற்றார்கள். 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். சேர்ந்தவர்களின் கதி தெரியவில்லை. சிலர் இறந்துவிட்டார்கள், மறைக்கிறார்கள் என்ற பேச்சு கிளம்பிற்று. யாரும் இறக்கவில்லை, அது வதந்திதான். ஆனால் தோழிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டவளுக்கு உடனே நேரான பதில் கிடைத்திருந்தால் வதந்திக்கு எங்கே இடம்? வாசல் மூடியிருக்கும்போதுதான் ஜனங்கள் சுவரில் குறி தேடுகிறார்கள். அந்தப் பெண்கள் தேடிக்கொண்டு நிற்கவில்லை. சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். தொழிற்சாலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12-ல்தான் திறந்தது. சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் விதிகளின்படி இல்லை என்று ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டு, அந்தத் தொழிற்சாலையைக் கண்காணிப்பில் வைத்தது. கலிபோர்னியா வரைக்கும் போய்ச் சேர்ந்த செய்தி இதுதான்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது சம்பளச் சீட்டை எடுத்து வாருங்கள். செல்போனில் வந்திருந்தால் அப்படியே காட்டலாம். பிராவிடண்ட் பண்டு, ஈ.எஸ்.ஐ., சாப்பாட்டுப் பிடித்தம், முதலாளி என்ற இடத்தில் யார் பெயர், கம்பெனியா கான்டிராக்டரா, ஒவ்வொரு வரியாகப் படிப்போம். நிலம் எடுக்க நோட்டீஸ் வந்திருக்கும் விவசாயத் தோழர்கள் அதையும் கொண்டு வாருங்கள். தேதியும் சர்வே நம்பரும் தெரியும்படி மடிக்காமல் எடுத்து வாருங்கள்.