உங்கள் இடத்தைக் கொடுங்களேன்

ரயிலில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். திடகாத்திரமான ஓர் இளைஞர் வந்து, "உங்க இடத்தை எனக்குக் கொடுக்கிறீங்களா?" என்று கேட்கிறார். காரணம் எதுவும் சொல்லவில்லை. எழுந்து கொடுப்பீர்களா?

1970-களில் நியூயார்க் சுரங்க ரயிலில் இதை உண்மையிலேயே கேட்டுப் பார்த்தார்கள். கேட்கச் சொன்னவர் ஸ்டான்லி மில்கிராம் என்ற சமூக உளவியல் பேராசிரியர். கேட்டவர்கள் அவருடைய மாணவர்கள். யார் எழுந்திருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? ஆனால் 100-க்கு 68 பேர் எழுந்தார்கள், அல்லது நகர்ந்து இடம் விட்டார்கள். "நின்றுகொண்டு புத்தகம் படிக்க முடியவில்லை" என்று காரணம் சொன்னபோதோ அது 42 ஆகக் குறைந்தது. காரணம் சொல்லாதவரைப் பார்த்து, 'பாவம், உடம்புக்கு முடியவில்லை போல' என்று நினைக்க இடமிருந்தது. புத்தகம் என்றதும் அந்த இரக்கம் போய்விட்டது.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது, கேட்டவர்கள் பட்ட பாடுதான். மில்கிராமே ஒருமுறை கேட்கப் போனார். வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிட்டது. பின்வாங்கினார். மறுபடி முயன்று, ஒருவழியாகக் கேட்டார்; இடமும் கிடைத்தது. உட்கார்ந்த பிறகுதான் இன்னும் வேதனை: கேட்டதற்கு நியாயம் வேண்டுமே என்று தலை தானாகக் கவிழ்ந்தது, முகம் வெளிறியது. நடிக்கவில்லை, உயிரே போகிற மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னார். நம்மைக் கட்டிவைத்திருக்கும் வழக்கத்தின் பலம் அவ்வளவு. அடுத்த நிலையத்தில் இறங்கியதும் அத்தனை பதற்றமும் போய்விட்டதாம்.