காரமில்லாத மிளகாய்

காரம் இல்லாத மிளகாயைக் கண்டால், "இது எதற்கு?" என்று ஒதுக்குவோர் நம்மிடையே உண்டு. அந்தக் குடமிளகாயைப் பற்றியே இன்று பேச வந்தேன். ஓய்வு பெற்ற பின் என் வீட்டு மாடியில் நான்கு தொட்டிகளில் அதனை வளர்த்து வருகிறேன். கரும்பலகையில் எழுதி விளக்க வேண்டிய பலவற்றை அச்செடி எளிதில் காட்டிவிடுகிறது.

மிளகாயின் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டம். 1492-இல் கொலம்பஸ் அங்குச் சென்ற பின்னரே அது பிற நாடுகளை அடைந்தது. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இந்தியாவுக்குக் கொணர்ந்தனர். அதுவரை நம் சமையலுக்குக் காரம் தந்தது மிளகே. மிளகைப் போல் உறைக்கும் காய் ஆதலின், புதிதாய் வந்ததனை மிளகாய் என்றனர் நம் முன்னோர்.

உறைப்புக்குக் காரணம் காப்சைசின் என்னும் பொருள். அது விதையில் உண்டாவதாகப் பலர் எண்ணுவர். உண்மையில், விதைகளைத் தாங்கி நிற்கும் வெண்ணிறச் சதையிலேயே உண்டாகிறது. குடமிளகாயில் அதனை உண்டாக்கும் மரபணு செயற்படுவதில்லை.

இனி, வளர்க்கும் முறையைக் கூறுகிறேன். செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் மூன்றையும் சம அளவில் கலந்து கொள்ளுங்கள். சமவெளியில் புரட்டாசியில் விதையிட்டு, ஐந்தாறு வாரத்தில் நாற்றைப் பிடுங்கி, ஓரடி ஆழமுள்ள தொட்டிக்கு ஒன்றாக நடலாம். அடியில் துளை வேண்டும். மழைநீர் தேங்கினால் வேர் அழுகும். வெயில் கடுமையானால் பூ உதிரும்; ஆகவே மார்கழி, தைக் குளிர்ச்சியே காய்ப்புக்கு ஏற்றது. காய் கனமாதலின் செடிக்கு ஊன்றுகோல் கொடுங்கள். முற்றிய காயைப் பிய்க்காமல், காம்புடன் கத்தியால் அறுத்தெடுங்கள்.

பக்கத்தில் பச்சை மிளகாய்ச் செடி இருந்தால் குடமிளகாயும் உறைக்கும் என்பார்கள். இது மெய்யா? காயின் சதை தாய்ச்செடியின் உடம்பு. அயல் மகரந்தம் மாற்றுவது உள்ளிருக்கும் விதையை மட்டுமே. எனவே இவ்வாண்டுக் காய் உறைக்காது. ஆனால், அயல் மகரந்தத்தால் உண்டான விதையை விதைத்தால், அடுத்த தலைமுறைக் காய் உறைக்கும், காரம் ஓங்குபண்பு. ஒரே கூற்று ஓராண்டில் பொய்யாகவும் மறு ஆண்டில் மெய்யாகவும் இருப்பதைக் கண்டீர்களா?

இக்காயின் பெருமை காரத்தைச் சார்ந்ததன்று. ஹங்கேரி நாட்டுச் செகெட் நகரில் ஆராய்ந்துகொண்டிருந்த ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி, ஒரு நாள் இரவு உணவுக்கு மனைவி வைத்த மிளகாயை உண்ண மனமின்றி ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் சென்றதாகக் கூறியிருக்கிறார். அதில் வைட்டமின் 'சி' நிறைந்திருந்தது! அதுவரை சிறிதளவே கிடைத்துவந்த அப்பொருளைச் சில வாரங்களில் ஒரு கிலோவுக்கு மேல் பிரித்தெடுத்தார். வைட்டமின் 'சி' பற்றிய ஆராய்ச்சிக்காகவும் 1937-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பச்சைக் காயைவிடப் பழுத்துச் சிவந்த காயில் இச்சத்து மிகுதி.

நீரில் கரைந்து, நெடுநேரச் சூட்டில் அழியும் சத்து இது. ஆகவே காயை முதலில் கழுவி, பிறகு நறுக்குங்கள். கடுகு, உளுத்தம் பருப்பு தாளித்து, துண்டுகளை நான்கைந்து நிமிடம் மட்டும் வதக்கி, உப்பும் பொட்டுக்கடலைப் பொடியும் தூவி இறக்குங்கள். நிறம் மங்காமல், கடித்தால் நறுக்கென்று இருப்பதே பதம். காரம் தாங்காத சிறு பிள்ளைகளும் முதியோரும் இதனை விரும்பி உண்பர்.

மாணவர்களே, வரும் புரட்டாசியில் ஆளுக்கொரு தொட்டி வையுங்கள். விதைத்த நாள், பூத்த நாள், காய்த்த நாள் மூன்றையும் குறித்து வாருங்கள். நன்கு பழுத்த காயின் விதையை எடுத்து வைத்து, மறு ஆண்டும் விதையுங்கள். அக்காய் உறைக்கிறதா இல்லையா என்பதை என் சொல்லைக் கேட்டு நம்ப வேண்டா. உங்கள் நாவே சொல்லட்டும்.